கட்டியக்காரன் கேட்கத் தொடங்கியபோது: விவேக்கின் மேடை நகைச்சுவையும் குணச்சித்திர நடிப்பும்

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வுகளில் நாயகர்களும் இயக்குநர்களும் பாடலாசிரியர்களும் பெற்றுள்ள இடத்தை நகைச்சுவைக் கலைஞர்கள் இன்னும் பெறவில்லை. அவர்களைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி நினைவுக் குறிப்பாகவோ இரங்கலுரையாகவோ நின்றுவிடுகின்றது. அவ்வாறு எழுதப்படும் உரைகளில் ஒரு தொடர் மீண்டும் மீண்டும் வருவதை நாம் காண்கின்றோம். ‘நகைச்சுவை நடிகராக அறிமுகமாகிப் பின்னர் குணச்சித்திர நடிகராக உயர்ந்தார்’ என்பதே அத்தொடர். இதில் உள்ள ‘உயர்ந்தார்’ என்னும் சொல் நம் ஆய்வுக்கு உரியது. சிரிக்க வைப்பது கீழ்ப்படி, கண்கலங்க வைப்பது மேற்படி என்னும் மதிப்பீடு அச்சொல்லுக்குள் மறைந்திருக்கின்றது.

இம்மதிப்பீடு சரிதானா என்பதை ஒரு கலைஞரின் பணியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் மறைந்த நடிகர் விவேக்கை நாம் இதற்காகத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அவர் நாடகக் குழுவிலிருந்து வந்தவர் அல்லர். கூட்டத்தின்முன் தனியொருவராக நின்று பேசிச் சிரிக்க வைக்கும் மேடையிலிருந்து வந்தவர். இரண்டாவது, தம் இறுதி ஆண்டுகளில் அவர் ஏற்ற பாத்திரங்கள் அம்மேடைக் கலையை முற்றிலும் கைவிட்டவை போலத் தோற்றமளித்தாலும், உண்மையில் அதன் ஒரு கூற்றைத் தக்கவைத்துக் கொண்டவை. அக்கூறு யாது என்பதைக் கண்டறிந்தால், ‘உயர்வு’ என்னும் சொல்லை நாம் மறுபடியும் எண்ணிப் பார்க்க இயலும். சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்திலிருந்து இப்படங்களைக் காணும் நமக்கு அவற்றுள் ஒன்று தனிப்பொருள் தருகின்றது. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் எடுத்துரைப்போம்.

மேடையிலிருந்து திரைக்கு

1961ஆம் ஆண்டு பிறந்த விவேகானந்தன் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வணிகவியல் பயின்றவர். பின்னர்ச் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றியவர். பகலில் கோப்புகளோடு இருந்த அவ்விளைஞரை மாலையில் ஈர்த்துக்கொண்டது மெட்ராஸ் ஹியூமர் கிளப் என்னும் நகைச்சுவை மன்றம். உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, தம் சொல்லாலும் குரலாலும் மட்டுமே அவையைச் சிரிக்க வைக்க முயலும் கூடல் அது. அங்கே ஒப்பனையோ காட்சியமைப்போ உடன் நடிப்பவரோ இல்லை. பேச்சு எடுபடவில்லையெனில் அவையின் அமைதியே தண்டனை. இன்று ஆங்கிலப் பெயரால் ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ எனப்படும் கலையின் அடிப்படை நிபந்தனைகள் யாவும் அம்மன்றத்தில் இருந்தன.

அம்மன்றத்தை நிறுவிய பி. ஆர். கோவிந்தராஜன் வழியாக விவேக், இயக்குநர் கே. பாலசந்தருக்கு அறிமுகமானார். 1987இல் வெளிவந்த ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் நாயகியின் உடன்பிறந்தாருள் ஒருவராகத் தோன்றினார். 1989இல் வந்த ‘புதுப்புது அர்த்தங்கள்’ அவரைப் பரவலாக அறியச் செய்தது.

அவர் பாலசந்தரிடம் வந்து சேர்ந்தது இங்குக் கருதத்தக்கது. பாலசந்தர் நகைச்சுவைக் கலைஞரைத் தனிப் பகுதியாக ஒதுக்கி வைக்காத இயக்குநர். அவர் கதை வசனம் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘சர்வர் சுந்தரம்’ (1964), அவரே இயக்கிய ‘நீர்க்குமிழி’ (1965), ‘எதிர்நீச்சல்’ (1968) ஆகிய மூன்றிலும் நாகேஷே கதையின் நடுவில் நின்றார். சிரிப்பும் துயரும் ஒரே உடலில், ஒரே பாத்திரத்தில் நிகழலாம் என்பது அப்பள்ளியின் நம்பிக்கை. 1983இல் ‘பொய்க்கால் குதிரை’யில் பாலசந்தரால் அறிமுகம் செய்யப்பட்ட சார்லியும் அப்பள்ளியைச் சார்ந்தவரே. எனவே, விவேக் குணச்சித்திர நடிப்பை நோக்கி நெடுந்தொலைவு பயணம் செய்து அதனை அடைந்தார் என்பது முழு உண்மையன்று. அதன் வாயிலிலேயே அவர் திரைக்குள் நுழைந்தார். பின்னர்த் திரையுலக வணிகம் அவரை வேறோர் அறைக்கு அழைத்துச் சென்றது.

கட்டியக்காரன் என்னும் நிலை

அந்த வேறோர் அறைக்குத் திரையுலகில் ‘தனி ட்ராக்’ என்று பெயர். கதையின் முதன்மை ஓட்டத்திற்கு வெளியே, தனியே எழுதி, தனியே படமாக்கி, இடையிடையே செருகப்படும் நகைச்சுவைப் பகுதி அது. இதற்கு நீண்ட மரபு உண்டு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் தமக்கான பகுதிகளைத் தாமே அமைத்துக் கொண்டனர். 1980களிலும் 1990களிலும் கவுண்டமணி–செந்தில் இணையின் பகுதிகள், கதையை மறந்தவர்களாலும் நினைவுகூரப்படும் அளவுக்குத் தனி வாழ்வு பெற்றன. விவேக் 1990களின் பிற்பகுதியில் இம்மரபின் முன்னணிக் கலைஞரானார். ‘குஷி’ (2000), ‘மின்னலே’ (2001), ‘ரன்’ (2002), ‘தூள்’ (2003), ‘சாமி’ (2003) எனத் தொடர்ந்து வந்த படங்கள் அவரை நாயகர்களுக்கு இணையாக எதிர்பார்க்கப்படும் கலைஞராக்கின.

இப்பகுதிகளில் அவர் செய்ததைக் கூர்ந்து நோக்கினால், அவர் உடன் நடிப்பவரோடு பேசிக்கொண்டே அரங்கில் இருப்போரிடமும் பேசுவதைக் காண்கின்றோம். சாதிச் செருக்கு, மூடநம்பிக்கை, அலுவலகக் கையூட்டு, நகரத்து ஏமாற்று ஆகியவை பற்றி அவர் கூறும் சொற்கள் கதைக்குள் இருக்கும் எவருக்கும் உரியவை அல்ல. அவை இருக்கையில் அமர்ந்திருப்பவரை நோக்கிச் சொல்லப்பட்டவை. ‘சாமி’யில் பிராமணக் குடும்பத்தைச் சார்ந்த பாத்திரமாக வந்து சாதிப் பழக்கங்களை எள்ளும்போது, அவர் தம் பாத்திரத்துக்குள்ளும் இருக்கின்றார், அதற்கு வெளியே நின்று அதனைச் சுட்டியும் காட்டுகின்றார்.

தமிழாசிரியர்களுக்கு இந்நிலை புதியதன்று. தெருக்கூத்தில் கட்டியக்காரன் நிற்கும் இடம் இதுவே. அவன் அரசனின் வருகையை அறிவிப்பான். வந்தவனை யாரென வினவுவான். வேண்டும்போது காவலனாகவோ தூதனாகவோ மாறிக் கதைக்குள் நுழைவான். அடுத்த நொடியே பாரதக் கதையை நிறுத்திவிட்டு அவ்வூர்ச் செய்தியைப் பற்றி அவையோரிடம் பேசுவான். கதைக்கும் அவைக்கும் இடையே உள்ள எல்லையில் நிற்பது அவனுக்கு மட்டுமே உரிய உரிமை. நகைச்சுவை மன்றத்தின் தனிமேடையில் பயின்ற விவேக், திரைப்படத்தில் இவ்வுரிமையைத் தமதாக்கிக் கொண்டார் என்பது நம் துணிபு. ‘சின்னக் கலைவாணர்’ என்று மக்கள் அவரை அழைத்ததற்கும் இதுவே அடிப்படை. ‘நல்லதம்பி’ (1949) படத்தில் கலைவாணர் ‘கிந்தனார்’ காலட்சேபம் நிகழ்த்தியபோது அவரும் ஒரு கதைக்குள் இருந்துகொண்டு நாட்டைப் பார்த்துப் பேசியவரே.

ஆயினும் கூத்தின் கட்டியக்காரனுக்கும் திரையின் தனிப்பகுதிக் கலைஞனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தில் அவன் கதையின் முக்கியப் பாத்திரங்களோடு மோதுகின்றான். அரசனைக் கேள்வி கேட்கின்றான். திரையின் தனிப்பகுதியில் அந்த மோதல் இல்லை. நாயகனின் செயலை எள்ளும் உரிமை அங்கே நகைச்சுவைக் கலைஞனுக்குப் பெரும்பாலும் வழங்கப்படுவதில்லை. அவன் சமூகத்தை எள்ளலாம். கதையின் தலைவனை எள்ளலாகாது. கட்டியக்காரனிடமிருந்து அவனுடைய அரசனைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது அறிவுரை மட்டுமே. விவேக்கின் சில பகுதிகள் சிரிப்பைத் தாண்டி உபதேசமாக நீள்வதாகத் தோன்றுவதற்குக் காரணம் அவருடைய ஆற்றற் குறைவன்று, இவ்வமைப்பின் குறையே.

எள்ளலின் இரு முகங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்து, எள்ளுதலையும் இளமையையும் பேதைமையையும் மடத்தையும் அதன் நிலைக்களன்களாகக் காட்டுகின்றது. எள்ளலை விளக்கும் பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளி நகுவதையும், பிறரால் தான் எள்ளப்பட்ட இடத்து நகுவதையும் வேறுபடுத்துகின்றார். இவ்வேறுபாடு நம் காலத் திரைநகைச்சுவையை மதிப்பிட இன்றும் பயன்படும் அளவுகோலாகும். விவேக்கின் இரு படங்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவோம்.

லிங்குசாமி இயக்கிய ‘ரன்’ படத்தில், வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் இளைஞனாக விவேக் நடித்தார். நாயகனின் காதற் கதையோடு ஏறத்தாழத் தொடர்பற்ற பகுதி அது. வந்தவன் எவரையேனும் நம்பும்போதெல்லாம் எதையேனும் இழக்கின்றான். காக்கைக் கறியைக் கோழிக் கறியென நம்பிப் பிரியாணி உண்ணும் காட்சியைத் தமிழ்கூறு நல்லுலகில் அறியாதவர் குறைவு. இப்பகுதியில் விவேக் எவருக்கும் அறிவுரை கூறவில்லை. நகரம் அவனை எள்ளுகின்றது. அவனோ அடுத்த மனிதனை மீண்டும் நம்புகின்றான். நாம் சிரிக்கும்போதே, பிழைப்புத் தேடி முதன்முதலாகப் பெருநகரில் வந்திறங்கிய ஒவ்வொருவரின் திகைப்பையும் உணர்கின்றோம். எள்ளப்பட்டவனின் பக்கம் நின்று பிறந்த நகை இது. பின்னாளில் ‘மாநகரம்’ (2017) படத்தில், சென்னைக்குப் புதியவரான வாடகைக்கார் ஓட்டுநராகச் சார்லி நடித்தபோது, அதே திகைப்பு நகைச்சுவை குறைந்து துயரம் மிகுந்த வடிவில் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துக் காணும்போது, ‘ரன்’ படத்தின் நகைச்சுவைப் பகுதியிலேயே ஒரு முழுமையான குணச்சித்திரம் அடங்கியிருந்தமை விளங்கும்.

இதற்கு மறுமுகம் ‘சிவாஜி’ (2007). ஷங்கர் இயக்கத்தில், சுஜாதாவின் வசனத்தில் வந்த அப்படத்தில் நாயகனின் மாமாவாக விவேக் நடித்தார். பட்டிமன்ற மேடையிலிருந்து வந்த சாலமன் பாப்பையாவும் ராஜாவும் அதில் நடித்தனர். மேடைப் பேச்சாளர் மூவர் ஒரே படத்தில் கூடியது தனியே ஆராயத்தக்கது. அப்படத்தில் அண்டை வீட்டாரின் இரு மகளிர் அங்கவை, சங்கவை எனப் பெயர் பெறுகின்றனர். அவர்களுடைய கருநிறமே அங்குச் சிரிப்புக்குரிய பொருளாக்கப்படுகின்றது. பிற்கால மரபு இப்பெயர்களால் வழங்குவது பாரி மகளிரை என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். தந்தையையும் பறம்பையும் இழந்த நிலையைப் பாடிய அம்மகளிரின் பெயர்களை நிறத்தை இகழ்வதற்காக எடுத்தாண்டமை, இலக்கியம் கற்பிக்கும் எவருக்கும் உறுத்தலாகவே இருக்கும். அதே படம் நாயகன் தன் கருநிறத்தை மாற்ற முயலும் செயல்களையும் நகைச்சுவையாக்குகின்றது என்பதை மறுக்க இயலாது. ஆனால் நாயகனின் கருநிறம் இறுதியில் பெருமையோடு ஏற்கப்படுகின்றது. அம்மகளிரின் கருநிறத்துக்கு அத்தகைய மீட்சி இல்லை. எள்ளப்படுபவர் சிரிப்பில் பங்குபெறுகின்றாரா, விலக்கப்படுகின்றாரா என்பதே வேறுபாடு.

இக்குறை விவேக் ஒருவருக்கே உரியதன்று. கதையும் வசனமும் அவருடையவை அல்ல. ஆயினும் சாதியையும் மூடநம்பிக்கையையும் எள்ளிச் சீர்திருத்தக் கலைஞர் எனப் பெயர் பெற்ற ஒருவர் இத்தகைய காட்சியிலும் இடம்பெற்றார் என்பதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது திறனாய்வாகாது. இப்படத்திற்காக அவர் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான தமிழ்நாடு அரசு திரைப்பட விருதையும் பெற்றார். 2009இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தது. புகழின் உச்சியிலேயே அவருடைய கலையின் எல்லையும் வெளிப்பட்டது.

பேசுவதிலிருந்து கேட்பதற்கு

2010களில் தமிழ்த் திரையில் தனிப்பகுதி மரபு மெல்ல நலிந்தது. நகைச்சுவை, நாயகனின் நண்பர் குழுவுக்குள்ளும் நாயகனுக்குள்ளுமே கரைந்தது. 2005இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’ போன்ற நிகழ்ச்சிகள் பல்குரல் கலைஞர்களையும் தனிமேடைக் கலைஞர்களையும் ஆண்டுதோறும் திரைக்கு அனுப்பின. சிவகார்த்திகேயன் அவ்வழியே வந்து நாயகனானார். மன்ற மேடையில் ஒரு தலைமுறைக்கு முன்பே தொடங்கிய விவேக் எங்கே நிற்பது என்னும் வினா எழுந்தது.

அதற்கு விடைகாணும் முயற்சிகளை நாம் வரிசையாகக் காணலாம். ‘நான்தான் பாலா’ (2014) படத்தில் கூலிக்குக் கொலை செய்பவனோடு நட்புக் கொள்ளும் ஏழைப் புரோகிதராக, நகைச்சுவையை அறவே துறந்து நடித்தார். முயற்சி போற்றத்தக்கது, எனினும் அதில் ஒரு விறைப்புத் தெரிந்தது. சிரிக்க வைக்காமல் இருப்பதையே குணச்சித்திர நடிப்பாக எடுத்துக்கொண்டதன் விளைவு அது. அதே ஆண்டு வந்த ‘வேலையில்லா பட்டதாரி’யில் நாயகனோடு பணியாற்றுபவராக அவர் ஏற்ற துணைப் பாத்திரம் அளவில் சிறியது, ஆனால் அது கதைக்குள்ளே வாழ்ந்தது. அவர் பேசிய சொற்கள் அரங்கை நோக்கி அல்லாமல் எதிரில் நிற்பவரை நோக்கிச் சென்றன.

முழுமையான திருப்பம் 2019 ஏப்ரலில் வெளிவந்த ‘வெள்ளைப் பூக்கள்’ படத்தில் நிகழ்ந்தது. விவேக் இளங்கோவன் இயக்கிய இப்படத்தின் களம் அமெரிக்காவின் சியாட்டில் நகரம். பணி ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் தம் மகனின் இல்லத்திற்கு வருகின்றார். மகன் அமெரிக்கப் பெண்ணை மணந்திருக்கின்றான். அம்மணத்தைத் தந்தையால் மனமார ஏற்க இயலவில்லை. அக்கம்பக்கத்தில் ஆட்கள் காணாமற்போகின்றனர். அதிகாரமோ அலுவலகமோ இல்லாத அம்முதியவர் தம் போக்கில் உண்மையைத் தேடுகின்றார். உடன் வரும் நண்பராகச் சார்லி. பாலசந்தர் அறிமுகம் செய்து, தனிப்பகுதி மரபில் நெடுங்காலம் உழைத்த இருவரும், அவர் 2014இல் மறைந்த பின்னர் ஒரு படத்தின் நடுவிடத்தை இவ்வாறு பகிர்ந்துகொண்டனர்.

இப்படத்தில் விவேக் செய்யும் முதன்மைச் செயல் கேட்பது. பிறர் பேசும்போது அவர் முகத்தில் விடை எழுவதில்லை, வினா எழுகின்றது. மேடைக் கலைஞரின் இயல்பான பழக்கம் இதற்கு நேர்மாறானது. எதிராளி பேசி முடிப்பதற்குள் அடுத்த சொல்லை ஆயத்தம் செய்துகொள்வதே மேடையில் உயிர்காக்கும் உத்தி. அவ்வுத்தியை அடக்கிக்கொண்டதில்தான் இந்நடிப்பின் உழைப்பு அடங்கியுள்ளது. ஆனால் மேடை கற்றுத்தந்த மற்றொன்று இங்கே மாறாமல் நிற்கின்றது. அவையின் ஒவ்வோர் அசைவையும் கவனித்து, எங்கே அமைதி நீள்கின்றது, எவர் முகம் மாறுகின்றது என அளப்பது தனிமேடைக் கலைஞரின் அன்றாடப் பயிற்சி. துப்பறிவாளருக்குத் தேவையான திறனும் அதுவே. எனவே ‘வெள்ளைப் பூக்கள்’ படத்தின் அமைதியான முதியவர் நகைச்சுவை மன்றத்து இளைஞரை மறுத்துப் பிறந்தவர் அல்லர்; அவரிடமிருந்தே முதிர்ந்து வந்தவர்.

2020 மார்ச்சு 13இல் வெளியான ‘தாராள பிரபு’ இதனை மேலும் உறுதிப்படுத்துகின்றது. ‘விக்கி டோனர்’ (2012) என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவமான இதில், மகப்பேற்று மருத்துவ நிலையம் நடத்தும் மருத்துவர் கண்ணதாசனாக விவேக் நடித்தார். இந்தியில் அப்பாத்திரத்தை ஏற்ற அன்னு கபூர் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றவர். விந்துக் கொடை என்னும் பொருளைக் குடும்பத்தோடு அமர்ந்து காணும் அவையின்முன் பேசுவது எளிதன்று. கூச்சத்தால் வாய்மூடிக்கொள்ளும் சமூகத்திடம் சிரிப்பின் துணையோடு அப்பொருளைக் கொண்டு சேர்க்கும் பணியை இப்பாத்திரம் மேற்கொள்கின்றது. ‘சாமி’ காலத்துச் சீர்திருத்த நகைச்சுவை இங்கும் உண்டு. ஆனால் இப்போது அது கதையின் விசையாகவே இயங்குகின்றது, நாயகனோடு வாதிடுகின்றது, அவனை வற்புறுத்துகின்றது, தவறும்போது அதன் விளைவையும் ஏற்கின்றது. கட்டியக்காரனுக்கு அவனுடைய அரசன் மீண்டும் கிடைத்தான் எனலாம். பெருந்தொற்றால் சில நாள்களில் திரையரங்குகள் மூடப்பட்டமையால் இப்படம் அரங்குகளில் உரிய காலம் நிற்க இயலவில்லை.

காத்தோங்கிலிருந்து ஒரு வாசிப்பு

‘வெள்ளைப் பூக்கள்’ படத்தின் தந்தையை நாம் வாழும் சூழலில் வைத்துக் காண்பது பயன் தரும். காத்தோங் தமிழருக்குப் பழைய இடம். சிலோன் ரோட்டில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம், 19ஆம் நூற்றாண்டு முதல் இங்கே வேரூன்றிய இலங்கைத் தமிழரின் அடையாளமாக நிற்கின்றது. அண்மைப் பதிற்றாண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து பணிநிமித்தம் வந்த குடும்பங்களும் இக்கிழக்குக் கரையோரக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. அவர்களைக் காண ஊரிலிருந்து வரும் பெற்றோர் சில கிழமைகளோ சில திங்கள்களோ தங்கிச் செல்வர். காலையில் கடற்கரைப் பூங்காவில் நடப்பர். பெயரப்பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் கேட்பர். ஊரில் தலைமையாசிரியராகவோ வட்டாட்சியராகவோ விளங்கியவர் இங்கே எந்தப் பதவியும் இல்லாத விருந்தினர். எவரும் அவரிடம் ஆணை கேட்பதில்லை. அவருக்கு எஞ்சியிருப்பது கவனிப்பது மட்டுமே.

விவேக் ஏற்ற பாத்திரம் இந்நிலையின் திரைவடிவம் என நாம் கருதுகின்றோம். சியாட்டிலுக்கும் காத்தோங்குக்கும் வேறுபாடுகள் பல உண்டு. இங்குத் தமிழ் ஓர் ஆட்சிமொழி. தெருவில் இறங்கினால் தமிழ்க்குரல் கேட்கும். கோயில் மணியும் கேட்கும். எனினும் மருமகளோடு எந்த மொழியில் அன்பைச் சொல்வது என்னும் தடுமாற்றம் கலப்புமணக் குடும்பங்களில் இங்கும் உண்டு. சொல்வன்மையால் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர், சொல் பயன்படாத வீட்டில் அமர்ந்திருக்கும் தந்தையாக நடித்தார் என்பதே அப்படம் புலம்பெயர் அவையோரிடம் பெறும் தனிப்பொருள். அப்பாத்திரத்தில் வழக்கமான குணச்சித்திர நடிகர் ஒருவரைக் கண்டிருந்தால் நமக்கு அவ்விழப்பு இவ்வளவு தெரிந்திராது. முப்பது ஆண்டுகள் நம்மோடு ஓயாது பேசிய குரல் அடங்கியிருப்பதால்தான் அம்மௌனத்தின் கனம் தெரிகின்றது.

சிங்கப்பூரின் தனிமேடை நகைச்சுவையோடு ஒப்பிட்டால் மற்றோர் உண்மையும் புலப்படும். இங்கு அக்கலை பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிங்கப்பூர் வழக்கு கலந்த ஆங்கிலத்தில், வளர்ந்தது. தமிழ்ப் பின்னணி உடைய குமார், 1990களில் பூகிஸ் பகுதியில் இயங்கிய ‘பூம் பூம் ரூம்’ அரங்கில் பெயர் பெற்று, பின்னர்ப் பெரிய அரங்குகளை நிறைத்தவர். பல இனத்தவரும் ஒருசேர அமர்ந்த அவையில் இன வேறுபாட்டையே பேசுபொருளாக்கியவர். அவர்முன் இருந்த அவை ஒரே மொழியினரின் அவையன்று. எவரை எள்ளினாலும் எள்ளப்படுபவர் அங்கேயே அமர்ந்திருப்பார். அத்தகைய அவையில் தன்னை எள்ளிக்கொள்ளத் தெரிந்தவருக்கே பிறரை எள்ளும் உரிமை கிட்டும். திரைப்படத்தில் எள்ளப்படுபவர் எதிரில் இல்லை. அதனால் அங்கே எள்ளல் எளிதில் கொடுமையாகிவிடுகின்றது. அங்கவை, சங்கவைக் காட்சியை அம்மகளிரைப் போன்ற கருநிறப் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேடையில் நிகழ்த்த எவரும் துணிவரா என்று கேட்டுப்பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

முடிவுரை

விவேக் மறைந்த பின்னரும் அவர் நடித்த படங்கள் வந்துகொண்டிருந்தன. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ 2023இலும் ‘இந்தியன் 2’ 2024இலும் வெளிவந்தன. ஆயினும் அவருடைய கலையின் முழுவட்டத்தையும் காட்டுவது, அவர் மறைந்து நான்கு திங்களுக்குப் பின்னர் 2021 ஆகஸ்டில் அமேசான் பிரைம் தளத்தில் வெளியான ‘எல்ஓஎல்: எங்க சிரி பார்ப்போம்’ என்னும் நிகழ்ச்சியே என்பது நம் கருத்து. நகைச்சுவைக் கலைஞர் சிலர் ஓரிடத்தில் அடைக்கப்படுவர், ஒருவரையொருவர் சிரிக்க வைக்க முயல்வர், சிரித்தவர் தோற்றவர். விவேக் நடிகர் சிவாவோடு சேர்ந்து அதனை நெறிப்படுத்தினார். இளைய கலைஞர்களின் முயற்சிகளைத் திரையில் உற்றுநோக்கி, எவர் முகத்தில் சிரிப்பு அரும்புகின்றது எனத் தேடும் பணி அவருடையது. நகைச்சுவை மன்றத்தில் தனியே நின்று பேசத் தொடங்கியவர், இறுதியில் பேசுவோரைக் கவனிப்பவராக அமர்ந்திருந்தார்.

இதுவரை கண்டவற்றால் நாம் அடையும் முடிவு இது. விவேக்கின் கலைவாழ்வு நகைச்சுவையிலிருந்து குணச்சித்திரத்துக்கு ஏறிய படிக்கட்டு அன்று. கதைக்கும் அவைக்கும் இடையிலுள்ள எல்லையில் நிற்கும் கட்டியக்காரனின் ஆற்றல் பேச்சும் கவனிப்பும் ஆகிய இரண்டால் ஆனது. அவர் முற்பகுதியில் முதலாவதை மிகுதியாகப் பயன்படுத்தினார். பிற்பகுதியில் இரண்டாவதைப் பயன்படுத்தினார். ‘ரன்’ படத்தில் இரண்டும் இணைந்திருந்தன. ‘சிவாஜி’யில் கவனிப்பு தவறியது. ‘வெள்ளைப் பூக்கள்’ படத்தில் பேச்சு அடங்கிக் கவனிப்பு முழுமையுற்றது. ‘தாராள பிரபு’வில் இரண்டும் மீண்டும் கைகோத்தன.

இதனால் ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை விளைகின்றது. மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும்போது நகைக்கு ஓரிரு எளிய எடுத்துக்காட்டுகளைத் தந்துவிட்டு அழுகைக்கும் பெருமிதத்துக்கும் விரைகின்றோம். ‘ரன்’ பகுதியையும் அங்கவை, சங்கவைக் காட்சியையும் ஒரே வகுப்பில் வைத்து, எவர் சிரிக்கின்றார், எவரை வைத்துச் சிரிக்கின்றார், எள்ளப்பட்டவருக்கு அச்சிரிப்பில் இடம் உண்டா என மாணவரைக் கேட்கலாம். பேராசிரியரின் உரையிலுள்ள வேறுபாட்டை அவர்கள் தம் கண்முன் காண்பர். அதன் பின்னர் ‘வெள்ளைப் பூக்கள்’ படத்தின் ஒரு காட்சியைக் காட்டி, முன்பு சிரிக்க வைத்த அதே மனிதர் இப்போது என்ன செய்கின்றார் என வினவலாம். ‘ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கின்றார்’ என்று ஒரு மாணவர் விடையிறுத்தால், அவ்விடையைச் சரியென ஏற்று அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.